முன்வாசல் கம்ப்யூட்டர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஒயரக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள். பதினாறு வருடத்துக்கு முன்பு மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காருவதற்காக அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். ரப்பர் கையுறை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையும் தடித்துச் சிவந்து, அரிப்பு தாங்காமல் சாப்பிடக்கூட முடியாமல் போனது. டாக்டரம்மாவுக்கு அவளை வீட்டுக்கு அனுப்ப மனமில்லை. "கொஞ்ச நாள் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் இரு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பிரிண்டர் மக்கர் செய்தாலும், இன்டர்நெட் படுத்துக்கொண்டாலும், "ஒயரக்கா எங்கே?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். அவளும் கழுத்தில் ஏதாவது ஒரு ஒயரை மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்து நிற்பாள்.

அந்தக் கூடத்தில் பரிசோதனை முடிவுகளை வாங்குவதற்கு யாரும் நேரில் வர வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே போனில் கூடத்தின் சைட்டைத் திறந்து, பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அந்தப் புரோகிராமை எழுதியவர் வேறு யாருமில்லை, ஒயரக்காவின் அக்கா புருஷன். அவளுக்கு அத்தான். அந்தக் காலத்தில் அவர் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மச்சினி வேலை செய்யும் இடம் என்பதற்காக மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். இப்போது ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேனேஜர். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, கீழே இருபது பேர்.

ஒரு திங்கள்கிழமை காலையில் முன்மேசை போன் அடித்தது. முன்மேசையில் இருப்பவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிடுவார்கள். அவரும் வரிசையில் நிற்பவர்களை இன்னும் "உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க" என்றுதான் சொல்வார்.

போனில் ஒரு பெண்மணி கத்தினாள். "உங்க சைட்டுக்குப் போனா, 'இந்த இடம் பாதுகாப்பானது இல்ல, திரும்பிப் போயிடு'ன்னு என் போன் என்னையே மிரட்டுது. உங்க லேப்ல யாராவது திருடங்க இருக்காங்களா?"

"திருடங்க யாரும் இல்லம்மா. ரத்தம் எடுக்கிறவங்க மட்டும்தான் இருக்காங்க" என்றார் கண்டக்டர்.

அன்று அதே மாதிரி இன்னும் ஆறு போன் வந்தது. புதன்கிழமை, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது. கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரி அனுப்பி வருகிறவர்கள். நோயாளிகளின் விவரங்கள் பாதுகாப்பான வழியில் வராவிட்டால், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து உங்கள் சைட்டை எங்கள் டாக்டர்கள் திறக்க மாட்டார்கள் என்று பணிவாகவும் கறாராகவும் எழுதியிருந்தது. கையில் இருந்தது மூன்று வாரம்.

டாக்டரம்மா கடிதத்தை ஒயரக்காவின் பக்கம் நகர்த்தினார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இப்ப நம்ம சைட்டுக்கும் ஆளுங்களோட போனுக்கும் நடுவுல போறது எல்லாம் திறந்த காகிதம் மாதிரி போகுது டாக்டர். நடுவுல இருக்கிறவன் நினைச்சா படிச்சுக்கலாம். அதை ஒட்டின உறைக்குள்ள போட்டு அனுப்பணும். அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப போட்டு அனுப்பு."

"அத்தானோட புரோகிராம் பழசு. அதுக்கு உறை ஒட்டவும் தெரியாது, பிரிக்கவும் தெரியாது."

"அவர்கிட்டயே சொல்லேன்."

ஒயரக்கா கழுத்து ஒயரை இடமும் வலமும் இழுத்தாள். டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரியும். தெரிந்தே கேட்டார்.

விஷயம் இரண்டு வருடத்துக்கு முந்தையது. அக்கா வீட்டில் ஒரு விசேஷம். இருபது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ அத்தானின் புரோகிராமைப் பற்றிப் புகழ்ந்து பேச, ஒயரக்கா யோசிக்காமல், "அது ரொம்பப் பழசாயிடுச்சு அத்தான், மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டாள். அத்தான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "நானும்தான் பழசாயிட்டேன். என்னையும் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனவர், எல்லாரும் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அதற்கப்புறம் நேரில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா அத்தான்?" "இருக்கேன்" என்பதோடு சரி. மற்றதெல்லாம் அக்கா மூலமாகத்தான். அக்காவும் இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லி, அந்தப் பக்கம் சொன்னதைக் காரம் குறைத்து இந்தப் பக்கம் சொல்லி, இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

ஒயரக்கா நாலு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். புதிதாக ஒரு புரோகிராம் எழுதி வாங்கலாம் என்றால் ஆறு மாதம் ஆகும். பழையதைத் திருத்தலாம் என்றால் அத்தான் முறுக்கிக்கொள்வார். ஐந்தாம் நாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டு வந்தவள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டாள். படித்தது ரிவர்ஸ் பிராக்ஸி என்ற ஒன்றைப் பற்றி. பேர்தான் வாயில் நுழையவில்லையே தவிர வேலை எளிது. புரோகிராம் இருக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இன்னொரு கம்ப்யூட்டரை முன்வாசல் மாதிரி நிறுத்திவிட வேண்டும். வெளியிலிருந்து வருகிற எல்லாரும் அதனிடம்தான் வருவார்கள். அது உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் பழைய புரோகிராமிடம் சாதாரணமாகக் கேட்டு வாங்கி, பதிலை உறையில் போட்டு ஒட்டி வெளியே கொடுக்கும். உள்ளே இருப்பதை யாரும் தொட வேண்டாம்.

இரண்டு ஸ்டாப் திரும்பி நடந்து வரும்போதே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அத்தான்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் புரோகிராமுக்கு முன்னாடி ஒரு கம்ப்யூட்டர் வைக்கப் போறேன். புரோகிராம்ல ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன்."

"இரு, பக்கத்துலதான் இருக்கார்." அக்கா போனை மூடிக்கொண்டு பேசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். "ஒரு எழுத்தைக்கூடவா, நிஜமாவான்னு கேக்கறார்."

"நிஜமா. சத்தியமா."

மறுபடி முணுமுணுப்பு. "அப்ப சரியாம். ஆனா தொட்டா தெரியும்னு சொல்லச் சொன்னார். நான் ஒண்ணு கேக்கறேன், ரெண்டு பேரும் ஒரே போன்ல பேசினா உங்க வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

ஒயரக்கா சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் மனசு லேசாகிவிட்டது. யார் மனமும் கோணாமல் வேலை முடிகிற வழி கிடைப்பது லேசில் நடக்கிற காரியமா?

எக்ஸ்ரே அறையின் மூலையில் துணி போர்த்திக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரை எடுத்துவந்து, மூடியைக் கழற்றித் தூசி தட்டினாள். பதினோரு தும்மல். பின்னறையில், அத்தானின் புரோகிராம் ஓடும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே அதை வைத்தாள். அந்தப் பின்னறை ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடும் அளவுதான். காற்றாடி ஒன்று, நாற்காலி ஒன்று, சுவரில் போன வருடத்துக் காலண்டர். அங்கே இருந்தால் ஒயரக்காவுக்குச் சொந்த வீட்டில் இருக்கிற மாதிரி.

நிறுவுவது சுலபமாக முடிந்தது. சான்றிதழ் வாங்குவதில்தான் இழுத்தது. இந்தச் சைட் உண்மையிலேயே எங்களுடையதுதான் என்று வெளியில் ஒரு நிறுவனம் உறுதி சொல்ல வேண்டும். அது ஒரு ரகசியச் சொல்லைக் கொடுக்கும். அதை நம் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டால், சைட்டின் பெயரைத் தேடிக்கொண்டு அதுவே வந்து படித்துப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் தரும். அவள் வைத்தாள். அது வந்தது. படிக்க முடியவில்லை என்று போய்விட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. ரூட்டர் இன்னும் பழைய வழக்கப்படி வருகிறவர்களை எல்லாம் அத்தானின் கம்ப்யூட்டருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அத்தானின் புரோகிராமோ, முன்பின் தெரியாத ஆள் எதையோ கேட்கிறான் என்று, 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"எழுதினவர் குணம் அப்படியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ரூட்டரை மாற்றினாள். சான்றிதழ் வந்தது.

அப்புறம் இன்னொரு சின்னச் சிக்கல். பாஸ்வேர்டைப் போட்டதும், சைட் பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுக் குறி மறைந்து, பழைய எச்சரிக்கை திரும்பி வந்தது. உள்ளே இருக்கும் புரோகிராம், 'சரி, இனி இந்த முகவரிக்குப் போ' என்று தன் பழைய முகவரியையே சொல்லி அனுப்பியதுதான் காரணம். அதை வழியிலேயே திருத்தி அனுப்பும்படி முன்வாசல் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூடத்தில் கூட்டம் வடிந்த பிறகு, போனில் சைட்டைத் திறந்து பார்த்தாள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தது. உள்ளே போனாள். பூட்டு இருந்தது. வெளியே வந்தாள். அப்போதும் இருந்தது.

ஓடிப்போய் கண்டக்டரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கூர்ந்து பார்த்தார்.

"இந்தத் துக்கடாப் பூட்டுக்கா ரெண்டு வாரம்?"

"ஆமா."

"சாவி யார்கிட்ட?"

"போங்க கண்டக்டர்!" என்றாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பூட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் திங்கள்கிழமை. ஒன்பது மணிக்கு எல்லாம் நன்றாக ஓடியது. ஒன்பது இருபதுக்கு முன்மேசையின் இரண்டு போனும் ஒரே சமயத்தில் அடித்தன. எடுத்து வைப்பதற்குள் மறுபடி அடித்தன.

"அஞ்சு தடவை தப்பா பாஸ்வேர்ட் போட்டுட்டேனாம், ஒரு மணி நேரம் கழிச்சு வான்னு சொல்லுது. நான் ஒரு தடவைகூடப் போடலையே! இப்பத்தானே திறக்கவே செஞ்சேன்!"

எல்லாருக்கும் அதே புகார். சைட்டைத் திறந்தவுடன், 'ஐந்து முறை தவறான பாஸ்வேர்ட். ஒரு மணி நேரம் கழித்து முயலவும்' என்ற வாசகம். அது அத்தானின் புரோகிராமில் உள்ள காவல். ஒரே இடத்திலிருந்து யாராவது ஐந்து முறை தப்பாக முயன்றால், அடுத்தவர் ரிப்போர்ட்டைப் பார்க்க முயல்கிறான் என்று அந்த இடத்தை ஒரு மணி நேரம் தடுத்துவிடும். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து முன்மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். அவர் மனைவிக்குப் பதினொரு மணிக்கு ஆபரேஷன். ரத்த அளவைப் பார்க்காமல் டாக்டர் கத்தியைத் தொட மாட்டார். கண்டக்டர் உள்ளே ஓடி, ரிப்போர்ட்டை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, அவர் கையில் திணித்தார். "ஓடுங்க, ஓடுங்க, நேரம் இருக்கு."

ஒயரக்கா பின்னறைக்கு ஓடி, அத்தானின் புரோகிராம் எழுதிவைத்திருக்கும் வருகைப் பதிவைத் திறந்தாள். ஒவ்வொருவரும் எந்த முகவரியிலிருந்து வந்தார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். நேற்றுவரை ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு முகவரி. இன்று காலையிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே முகவரி. அது அவள் வைத்த முன்வாசல் கம்ப்யூட்டரின் முகவரி.

நெற்றியில் அடித்துக்கொண்டாள். எல்லாரும் முன்வாசலில் நின்றுவிடுகிறார்கள். உள்ளே வந்து கேட்பது முன்வாசல் கம்ப்யூட்டர் மட்டும்தான். அதனால் புரோகிராமின் கண்ணுக்கு ஊரே ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறது. எங்கெங்கோ இருக்கும் மறதிக்காரர்கள் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு தப்புச் செய்ய, ஐந்தும் ஒரே ஆள் தலையில் ஏறி, ஊருக்கே கதவு சாத்திக்கொண்டது.

ரூட்டரைப் பழையபடி மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டுக் குறி போனது, எச்சரிக்கை திரும்பி வந்தது, போன்கள் ஓய்ந்தன. டாக்டரம்மா பின்னறை வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "முதல் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஒயரக்காவுக்கு.

கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். வருகிறவரின் உண்மையான முகவரியை ஒரு குறிப்பாக எழுதி, உள்ளே அனுப்பும் ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து அனுப்ப முன்வாசல் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அனுப்பிக்கொண்டும்தான் இருந்தது. அத்தானின் புரோகிராம்தான் அந்தக் குறிப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எழுதிய காலத்தில் முன்வாசலில் யாரும் இல்லையே, எப்படிப் பார்க்கும்? பார்ப்பது தொடுவதாகாது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, புரோகிராமின் கோப்புகளைத் திறந்தாள். அரை மணி நேரத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரே ஒரு வரி. அதை மாற்றி, குறிப்பைப் படிக்கச் சொன்னால் வேலை முடிந்தது. செய்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. விரல் விசை மேலேயே இருந்தது.

சத்தியம் என்று சொன்ன வார்த்தை காதில் ஒலித்தது. கோப்பை மூடிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து ஏதோ தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அத்தான், வாசலில் மச்சினியைப் பார்த்ததும் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"உங்க அக்காவுக்கு என்னாச்சு?"

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகல அத்தான். உங்க புரோகிராமுக்குத்தான் ஒரு சின்ன உடம்பு."

உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்து, காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தன் தப்பையும் சேர்த்துத்தான். ஊரே ஒரே ஆளாகத் தெரிந்த இடம் வந்தபோது அத்தானின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும் அத்தான். அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னது என் தப்பு. தனியா சொல்லியிருக்கணும்."

"அப்ப சொன்ன விஷயம் தப்பில்லைன்னு சொல்ற."

"ஆமா அத்தான். விஷயம் தப்பில்ல."

அத்தான் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே இரண்டு மூன்று தலைகள் திரும்பின. "நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன்" என்றார். "உங்க அக்காகிட்ட சொல்லாதே. பத்து வருஷத்துக்கு முந்தி மாதிரி ஆரம்பிச்சுட்டீங்களான்னு கத்துவா."

சொன்னபடி மறுநாள் மூன்று மணிக்கு வந்துவிட்டார். பின்னறையில் ஒரே நாற்காலி. அதில் அவரை உட்காரவைத்துவிட்டு, ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒயரக்கா உட்கார்ந்தாள். அத்தான் கோப்புகளைத் திறந்தார், மூடினார், வேறொன்றைத் திறந்தார். கால் மணி நேரம் ஆனது. அவர் கழுத்தோரம் வியர்த்திருந்தது. இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் காற்றாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஒரு உண்மையைச் சொல்லட்டுமா?" என்றார் அத்தான், திரையைப் பார்த்தபடியே. "எனக்கு இது ஒண்ணுமே ஞாபகம் இல்ல. மேனேஜர் ஆனதுக்கப்புறம் ஒரு வரி எழுதினதில்ல. வீட்டுல, சொந்தத்துல எல்லாரும் பெரிய மூளைக்காரன்னு சொல்றாங்க. யாராவது இதைத் திறந்து, இதென்ன இப்படின்னு கேட்டா பதில் சொல்லத் தெரியாதேன்னு பயம். தொடாதே, தொடாதேன்னு சொன்னதெல்லாம் அதுக்குத்தான். கோபம்னு நீ நினைச்சுக்கிட்டே. நானும் அப்படியே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒயரக்கா அட்டைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "எனக்கும் மைக்ரோஸ்கோப் மறந்து போச்சு அத்தான்" என்றாள். "அன்னைக்கு ஒருத்தர் அதுல ஒரு ரத்தச் செல்லைக் காட்டி இதென்னன்னு கேட்டாங்க. காலண்டரைப் பார்த்துட்டு நின்னேன்."

அவர் தோள் இறங்கியது. மறுபடி தேடினார். இப்போது நிதானமாக, ஒவ்வொரு வரியாக வாய்க்குள் படித்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். "இதோ. இங்கதான் முகவரியை எடுக்கறேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு திரையின் ஓரத்தைப் பார்த்தார். கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலில் அந்தக் கோப்பின் பெயர் நேற்றைய தேதியோடு இருந்தது.

"நீ நேத்தே பார்த்துட்டே இல்ல?"

"பார்த்தேன். தொடல."

"இருபது நிமிஷமா என்னைத் தவிக்கவிட்டுப் பார்த்துட்டு இருந்திருக்கே!"

"காற்றாடியைத் திருப்பி வச்சேனே அத்தான்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் நேற்று மனசுக்குள் எழுதிவைத்திருந்த வரியைச் சொன்னாள். முன்வாசல் அனுப்பும் குறிப்பை எடுத்துப் படித்து, அதையே முகவரியாக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். அத்தான் பாதி தட்டிவிட்டு நிறுத்தினார். மீசையைத் தடவினார்.

"இரு. இந்தக் குறிப்பை யார் எழுதறாங்க?"

"முன்வாசல் கம்ப்யூட்டர்."

"வேற யாராவது எழுதி அனுப்பினா? முன்வாசலுக்கு வராம, இதே கட்டடத்துக்குள்ள இருந்து எவனாவது நேரா உள்ள வந்து, தடவைக்கு ஒரு பொய் முகவரியை எழுதி நீட்டினா? என் புரோகிராம் நம்பிடும். அஞ்சு தடவை என்ன, அம்பதாயிரம் தடவை பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் புது ஆள்னு நினைச்சுக்கும்."

ஒயரக்கா அட்டைப் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. நேற்று அந்த விசையை அழுத்தியிருந்தால், காவலை அவளே கழற்றிப் போட்ட மாதிரி ஆகியிருக்கும்.

"முன்வாசலுக்கே அப்படிப் பொய்யா எழுதிக் கொண்டுவந்தாலும்?" என்று கேட்டாள்.

"அதை உன் கம்ப்யூட்டர் கிழிச்சுப் போட்டுட்டு, தான் கண்ணால பார்த்ததை மட்டும் எழுதணும். அதை நீ பாரு. நான் இங்க, முன்வாசல்லேர்ந்து வந்தா மட்டும் குறிப்பை நம்பு, வேற எங்கேர்ந்து வந்தாலும் நம்பாதேன்னு போடறேன்." அவர் தட்டத் தொடங்கினார். விரல்கள் முதலில் தடுமாறின, பிறகு ஓட ஆரம்பித்தன. "ஒரு வரி இல்ல. நாலு வரி."

"எப்படி அத்தான் இது உங்களுக்குத் தோணுச்சு?"

"தெரியல. அதுவா வந்துது." முகம் நிறைய சந்தோஷம். அதை மறைக்க அவர் முயலவில்லை.

ஐந்து மணிக்கு ரூட்டரை மறுபடி மாற்றினாள். சோதித்துப் பார்க்க வேண்டுமே. அத்தான் தன் போனை எடுத்து வேண்டுமென்றே தப்பாகப் பாஸ்வேர்ட் போட்டார். ஒன்று, இரண்டு என்று ஒயரக்கா எண்ணினாள். ஐந்தாவது முறை, 'ஒரு மணி நேரம் கழித்து முயலவும்' என்று அவருடைய புரோகிராமே அவரை வெளியே தள்ளியது.

"என்னைத் தள்ளிடுச்சு! உன்னுதைப் பாரு, உன்னுதைப் பாரு."

அவள் தன் போனில் திறந்தாள். பூட்டுக் குறியோடு சைட் சமர்த்தாகத் திறந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டு அவர் போனிலும் பார்த்தார்கள். திறந்தது. வெளியே தள்ளப்பட்டதற்காக ஒரு மனுஷன் இவ்வளவு குதிப்பதைக் கண்டக்டர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. "எங்க பஸ்ல இறக்கிவிட்டா அடிக்கத்தான் வருவாங்க" என்றார்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு ஒயரக்கா முன்மேசையிலேயே நின்றாள். ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. போன் அடிக்கவில்லை. கண்டக்டர் சந்தேகப்பட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். லைன் இருந்தது. பத்தேகாலுக்கு ஒரே ஒரு அழைப்பு வந்தது. நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்டார்கள். முதல் தேதியன்று, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து, உங்கள் சைட் எங்கள் சோதனையில் தேறிவிட்டது என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. டாக்டரம்மா அதை ஒட்டுவதற்குப் பின்னறைச் சுவரில் இடம் தேடி, பழைய காலண்டரைக் கழற்றினார்.

விஷயம் அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்? கண்டக்டர் மூலமாகத் தெரிந்துவிட்டது. அவள் ஒயரக்காவுக்குப் போன் போட்டாள். "மூணு மணிக்கு மீட்டிங்னு சொல்லிட்டு உன் லேப்லயா இருந்தார்? ராத்திரி சாப்பிடும்போது கரண்டியை வச்சு, இது முன்வாசல், இது உள்ளேன்னு எனக்குப் பாடம் வேற. ரெண்டு வருஷமா உங்க நடுவுல நின்னு என் தொண்டை காஞ்சுபோச்சு. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் பேசினாள்.

அத்தான் இப்போது சனிக்கிழமை தோறும் வருகிறார். டாக்டரம்மா பின்னறைக்கு இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். அதைப் போட்டபின் கதவு பாதிதான் திறக்கும். இருவரும் பக்கவாட்டில் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். புது புரோகிராம் எழுதலாம் என்று சொன்னது அத்தான்தான். அதுவும் அக்கா வீட்டில், எல்லாரும் இருக்கும்போது சொன்னார். ஆறு மாதம் ஆகும் என்று அவள் கணக்குச் சொன்னாள், ஒரு வருடம் ஆகும் என்று அவர் சொன்னார். அவசரமில்லை. முன்வாசலில் ஒன்று நிற்கிறது, பழையது உள்ளே பத்திரமாக ஓடுகிறது.

போன சனிக்கிழமை முதல் பக்கத்தை வரைந்தார்கள். உள்ளே போகும் பொத்தான் பச்சையாக இருக்க வேண்டும் என்றார் அத்தான். நீலம்தான் கண்ணுக்கு இதம் என்றாள் ஒயரக்கா. அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் பாதிக் கதவு வழியாகத் தலையை நீட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டான். "ஒரு பொத்தான்தான்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் வெளியே போய், கண்டக்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.